வால் போய்க் கால் வரும் வரை: தலைப்பிரட்டை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

பத்துப் பதினைந்து தலைப்பிரட்டைகளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வந்து, நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்து, பசிக்குமே என்று ரொட்டித் துணுக்குகளைத் தூவி, மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் பால் போலக் கலங்கி, எல்லாம் வயிற்றைக் காட்டி மிதக்கும். என் முதல் முயற்சி இப்படித்தான் முடிந்தது. பாட்டில், ஜன்னல் வெயில், ரொட்டி, அளவுக்கு மீறிய எண்ணிக்கை என்று எதெல்லாம் கூடாதோ அத்தனையையும் ஒரே நாளில் செய்திருந்தேன்.

அடுத்த முறை ஒழுங்காகவே வளர்த்தேன். பின்னங்கால் வந்தது, முன்னங்கால் வந்தது, வால்கூடப் பாதி குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் போய் மூன்று குட்டிகள் தண்ணீரில் மூழ்கிச் செத்தன. தவளை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்பீர்கள். சாகும். அதைப் பற்றிக் கீழே நிறையவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் புதிதாக வளர்ப்பவர்கள் தோற்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: முதல் வாரத்தில் தண்ணீர் கெட்டுப்போவது, கடைசி வாரத்தில் கரை இல்லாமல் போவது. நடுவில் உள்ள நாட்களில் உங்கள் வேலை பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பதுதான்.

எடுப்பதற்கு முன்

முதலில் உங்கள் ஊரில் இதற்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். பல நாடுகளில் சில தவளை இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, முட்டையையும் தலைப்பிரட்டையையும் எடுப்பதுகூடக் குற்றமாகலாம். காப்புக்காட்டுக்குள் இருக்கும் குளம், சரணாலயம் போன்ற இடங்களில் கையே வைக்க வேண்டாம். வீட்டுத் தோட்டத்துத் தொட்டியிலோ வற்றப்போகும் மழைக் குட்டையிலோ கிடைப்பதே போதும்.

எத்தனை எடுக்கலாம்? ஐந்து. பார்த்தால் ஆயிரக்கணக்கில் நெளிகிறதே, ஐம்பது எடுத்தால் என்ன என்று தோன்றும். குளத்தில் ஆயிரம் முட்டையில் தவளையாகிக் கரையேறுவது ஒரு கைப்பிடிதான், மற்றதெல்லாம் மீனுக்கும் பறவைக்கும் தும்பியின் இளம்புழுவுக்கும் இரையாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் தொட்டி குளம் இல்லை. எண்ணிக்கை கூடக் கூடத் தண்ணீர் கெடும், வளர்ச்சி தேங்கும், பெரியவை சிறியவற்றின் வாலைக் கடிக்கும். நெரிசலில் வளரும் தலைப்பிரட்டைகள், சாப்பாடு நிறையக் கிடைத்தாலும்கூட, மெதுவாகவும் சிறிதாகவுமே வளர்கின்றன. ஒரு லிட்டருக்கு ஒன்று என்பது தாராளம், இரண்டு என்றால் சமாளிக்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம்.

முட்டையாகவே கிடைத்தால் இன்னும் நல்லது, முதலிலிருந்தே பார்க்கலாம். தண்ணீரில் குவியலாகவோ மேற்பரப்பில் படலமாகவோ கிடந்தால் பெரும்பாலும் தவளை முட்டை. மணிமாலை போல நீளமாக, செடிகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தால் தேரை முட்டை. தண்ணீருக்கு மேலே கிளையில் சோப்பு நுரை மாதிரி ஒரு உருண்டை தொங்கினால் அது மரத்தவளை ஒன்றின் நுரைக்கூடு, அதைத் தொடாதீர்கள், குஞ்சுகள் தாமாகவே கீழே தண்ணீரில் விழும். முட்டைக் குவியலை எடுப்பதாக இருந்தால் சிறு துண்டு மட்டும் போதும். வெண்மையாகப் பஞ்சு படர்ந்த முட்டைகள் பூஞ்சை பிடித்தவை, அவற்றைப் பிரித்து எறிந்துவிடுங்கள்.

என்ன இனம் என்று தலைப்பிரட்டையை வைத்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். கன்னங்கரேலென்று சிறிதாக, கூட்டம் கூட்டமாகத் திரிந்தால் தேரையாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் நான் சொல்வேன். எந்த இனம் என்பதைப் பொறுத்து காலக்கெடு மாறும். வெப்பமான இடத்துத் தேரைகள் நான்கைந்து வாரத்தில் கரையேறிவிடும், பல தவளைகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், அமெரிக்க எருதுத்தவளை போன்ற பெரிய இனம் குளிர்ந்த பகுதிகளில் இரண்டு வருடம்கூடத் தலைப்பிரட்டையாகவே இருக்கும். ஆகவே பள்ளி விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்து வைக்காதீர்கள்.

தொட்டி

அகலம் முக்கியம், ஆழம் முக்கியமில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவது மேற்பரப்பு வழியாகத்தான், அதனால் பத்து லிட்டர் பிடிக்கும் அகலமான பிளாஸ்டிக் டப், அதே அளவு தண்ணீர் பிடிக்கும் உயரமான ஜாடியைவிட எவ்வளவோ மேல். தண்ணீர் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். செம்புப் பாத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம், செம்பு தண்ணீரில் கரைந்து வரும் அளவே இவற்றுக்கு நஞ்சு. பித்தளையும் அப்படித்தான். புது டப்பாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் போதும்.

அடியில் கழுவிய மணல் கொஞ்சம், ஒன்றிரண்டு வழவழப்பான கற்கள், குளத்திலிருந்தே எடுத்த நீர்ச்செடி ஒரு கொத்து. செடி ஒளிந்துகொள்ள இடம் தரும், அதில் படியும் பாசி சாப்பாடாகவும் ஆகும். ஆனால் செடியைத் தொட்டிக்குள் போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் அலசிப் பாருங்கள். தும்பியின் இளம்புழு, நீர்வண்டின் புழு, மல்லாக்க நீந்தும் நீர்ப்பூச்சி ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், தினமும் ஒரு தலைப்பிரட்டை காணாமல் போகும், நீங்களும் ஏன் என்று புரியாமல் எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். கொசுப்புழு வந்தால் அது தலைப்பிரட்டையைத் தின்னாது, உங்களைத்தான் பிறகு கடிக்கும், வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

வைக்கும் இடம்: வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. சிறிய தொட்டி வெயிலில் அரை மணி நேரத்தில் சூடாகிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். உயிருக்கோ சூட்டில் மூச்சு இன்னும் அதிகமாக வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோகிறது. பெரும்பாலான இனங்களுக்கு 20 முதல் 26 டிகிரி வரை சௌகரியம். கொசு விரட்டி, பூச்சி மருந்து, வாசனைத் தெளிப்பான் அடிக்கும் அறையிலும் வைக்காதீர்கள், தவளையின் தோலும் தலைப்பிரட்டையின் தோலும் எதையும் உள்ளே விடும்.

தண்ணீர்தான் எல்லாம்

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளைச் சுட்டுவிடும். அகன்ற பாத்திரத்தில் மூடாமல் ஒரு முழு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், இது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் கலக்கிறார்கள், அது ஒரு நாள் வைத்தாலும் போகாது. உங்கள் ஊரில் எது என்று தெரியாவிட்டால் மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் குளோரின் நீக்கி மருந்தை, பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுப்படி, கலந்துவிடுங்கள். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வரும் குடிநீர், காய்ச்சி வடித்த நீர் இரண்டும் சுத்தம்தான், ஆனால் அவற்றில் உப்புச்சத்து மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை, அதை மட்டுமே வைத்து வளர்க்க முடியாது.

எல்லாவற்றிலும் நல்லது தலைப்பிரட்டையை எடுத்த அதே குளத்துத் தண்ணீர். முதல் நாள் தொட்டியை நிரப்பும் அளவுக்கு அங்கிருந்தே கொண்டு வாருங்கள், வடிகட்டி ஊற்றுங்கள். திறந்த வெளியில் பிடித்த மழைநீரும் நல்லது. வேறொரு குளத்துத் தண்ணீரை மட்டும் கலக்காதீர்கள், காரணம் கடைசியில் வருகிறது.

புதியவர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, அப்புறம் ஏன் மாற்ற வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். தலைப்பிரட்டை நாள் முழுக்கச் சாப்பிடும், நாள் முழுக்கக் கழிக்கும், அந்தக் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா சேரும், அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது. அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மாற்றாதீர்கள், தண்ணீரில் உண்டான நல்ல கிருமிகளும் போய்விடும், வெப்பநிலையும் திடீரென மாறிவிடும். புதுத்தண்ணீரை முதல் நாளே பிடித்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும். அடியில் படிந்த கழிவை ஒரு மெல்லிய ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம், அல்லது பழைய ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று இருந்தால் அதுவே போதும்.

தண்ணீரில் லேசாக நாற்றம் வந்தாலோ, மேலே நுரை நின்றாலோ, எல்லாத் தலைப்பிரட்டைகளும் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ அன்றைக்கே பாதியை மாற்றுங்கள். கவனிக்க, ஒன்றிரண்டு அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவது வேறு. நுரையீரல் உண்டாகிக்கொண்டிருக்கிறது, பழகிக்கொள்கின்றன. நான் முதலில் அதைப் பார்த்துப் பதறித் தேவையே இல்லாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

சாப்பாடு

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தலைப்பிரட்டை நம் கையால் கெடும். பட்டினியால் செத்தவற்றைவிட அதிகச் சாப்பாட்டால் செத்தவை அதிகம், சாப்பிட்டு அல்ல, சாப்பிடாமல் மிஞ்சியது அழுகி.

முட்டையிலிருந்து வெளியே வந்த முதல் சில நாட்கள் எதுவுமே போட வேண்டாம். வாய் இன்னும் முழுதாக ஆகியிருக்காது, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே உணவு, முட்டைக் கூழிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று நினைத்துக் குத்திப் பார்க்காதீர்கள். அப்போது தலைக்கு இரண்டு பக்கமும் சிறு இறகு போலச் செவுள்கள் வெளியே தெரியும். கை லென்ஸ் இருந்தால் அதன் வழியே பாருங்கள், இரத்தம் ஓடுவதுகூடத் தெரியும். சில நாளில் தோல் மடிப்பு ஒன்று வந்து செவுளை மூடிவிடும்.

அதன் பிறகு நீந்தத் தொடங்கி, கண்ட இடத்தையெல்லாம் சுரண்டும். அதன் வாயில் கொம்புப் பொருளாலான சிறு அலகும், வரிசை வரிசையாகச் சீப்புப் போன்ற நுண்பற்களும் இருக்கின்றன. பாசியைச் சுரண்டித் தின்பதற்கான வாய் அது. ஆகவே நீங்கள் தருவதும் சுரண்டக் கூடியதாக இருக்க வேண்டும். லெட்டூஸ் போன்ற மென்மையான இலையைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, குழைந்ததும் ஆறவைத்து, ஐந்து தலைப்பிரட்டைக்கு ஒரு கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு. அவ்வளவுதான், கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும் அவ்வளவுதான். மறுநாள் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு அளவைக் குறையுங்கள், சுத்தமாகக் காலியாகியிருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். வெள்ளரித் துண்டும் கொடுக்கலாம். பசலைக் கீரையைத் தினமும் கொடுக்காதீர்கள், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும், தொடர்ந்து அதையே தின்றால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும். மருந்து அடித்த இலையோ என்ற சந்தேகம் இருந்தால் நன்றாகக் கழுவுங்கள், அல்லது போடவே வேண்டாம்.

வெறும் இலையே போதுமா என்றால் போதாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மீனுக்குப் போடும் செதில் தீவனத்தைப் பொடித்து ஒரு சிட்டிகை. பின்னங்கால் முளைத்த பிறகு இதைக் கொஞ்சம் அடிக்கடி தரலாம், ஏனென்றால் அப்போது உடம்பு கட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். புரதமே கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பதன் வாலைக் கடிக்கும். கடிபட்ட வால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் அது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: உணவு போதவில்லை அல்லது இடம் போதவில்லை. ரொட்டி, பிஸ்கட், சமைத்த உணவு, முட்டை மஞ்சள் கரு இவை எல்லாம் தண்ணீரைக் கெடுப்பதில் கைதேர்ந்தவை, தொடவே வேண்டாம்.

காத்திருக்கும் வாரங்கள்

இந்தக் காலத்தில் வேலை குறைவு, பார்க்க நிறைய. கண்ணாடித் தொட்டியாக இருந்தால் கீழேயிருந்து வயிற்றைப் பாருங்கள், சில இனங்களில் தோல் வழியே குடல் கடிகாரச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றித் தெரியும். இலை தழையைச் செரிக்க நீளமான குடல் வேண்டும். தவளையானதும் பூச்சியைத்தான் தின்னப் போகிறது, அப்போது இந்தக் குடலின் பெரும்பகுதி சுருங்கிவிடும்.

வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கடுகு போல ஒரு புடைப்பு தெரிந்தால் அதுதான் பின்னங்கால். முதலில் துடுப்பு மாதிரி இருக்கும், பிறகு விரல் பிரியும், முழங்கால் மடங்கும். முன்னங்கால்களும் அதே சமயத்தில்தான் வளர்கின்றன, ஆனால் செவுளை மூடிய அந்தத் தோலுக்கு உள்ளே, அதனால் தெரியாது. ஆய்வாளர்கள் 1960-இல் கென்னத் காஸ்னர் வகுத்த அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள், முட்டை முதல் வாலில்லாத குட்டித் தவளை வரை மொத்தம் 46 நிலைகள். முன்னங்கால் வெளிவருவது 42-ஆம் நிலை. அதாவது அந்தக் கணக்கில் கடைசி நான்கு படிகள்தான் மிச்சம், ஆனால் உங்களுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம் என்று இருக்கும். ஒரே முட்டைக் குவியலில் பிறந்தவைகூட இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும். தாமதமானதற்கு என்னவோ குறை என்று நினைத்து எதையாவது கலந்து தர வேண்டாம். இந்த மாற்றத்தை நடத்துவது தைராய்டு சுரப்பி. 1912-இல் குடெர்னாட்ச் என்ற ஆய்வாளர் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்கு ஊட்டிப் பார்த்தார், அவை அவசர அவசரமாக உருமாறி ஈயளவு தவளைகளாயின. அதைப் படித்துவிட்டு, தைராய்டுக்கு அயோடின்தானே வேண்டும், தண்ணீரில் அயோடின் சொட்டு விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வளராமல் உருமாறிய குட்டி எதையும் தின்ன முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும், பிழைக்காது.

முன்னங்கால் வந்த அன்று

ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கும், மற்றொரு பக்கம் முழங்கை தோலை முட்டிக்கொண்டு தெரியும். மாலைக்குள் அல்லது மறுநாள் அதுவும் வந்துவிடும். முதல் கை தெரிந்ததும் செய்ய வேண்டியது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், அன்றைக்கே கரை கட்டுவது.

ஏன் இந்த அவசரம் என்றால், உள்ளே அப்போது எல்லாம் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கிறது. செவுள் மறைகிறது, மூச்சு நுரையீரலுக்கு மாறுகிறது. இதற்கு முன் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தது, இனி காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். நீந்தித் தள்ளிய வாலோ சுருங்கிக்கொண்டிருக்கிறது, கால்களுக்கு இன்னும் பழக்கமில்லை. பிடித்து ஏற ஒரு சரிவு இல்லையென்றால் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிவிடும். என்னுடைய மூன்றும் அப்படித்தான் போயின. தொட்டியின் நடுவில் அழகாக ஒரு கல்லை வைத்திருந்தேன். செங்குத்தான கல். அதன் மேல் ஏற ஒன்றாலும் முடியவில்லை.

ஆகவே முன்னங்கால் வந்ததை ஒரு கிண்ணத்தால் தண்ணீரோடு முகந்து, வேறொரு தட்டையான டப்புக்கு மாற்றுங்கள். வலையில் பிடிக்காதீர்கள், புதுக்கால் சிக்கி ஒடியும். அந்த டப்பின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துச் சாய்த்துவிட்டு, தாழ்ந்த பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், உயர்ந்த பக்கம் ஈரமான பாசியோ ஈர இலையோ போட்டால் கரை தயார். இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தெரியாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் வழுக்கினால் சரிவில் கொஞ்சம் மணலைப் பரப்புங்கள். மிதக்கும் இலைகளும் சில போட்டு வையுங்கள், அதன் மேல் ஏறி உட்காரும்.

மூடி மறக்கவே கூடாது. நேற்று வரை மீன் மாதிரி இருந்தது இன்று ஈரக் கண்ணாடியில் செங்குத்தாக ஏறும், மரத்தவளையாக இருந்தால் விரல் நுனியில் சிறு வட்டுகள் இருக்கும், கேட்கவே வேண்டாம். காற்றுப் போகும் மெல்லிய வலைத்துணியை மேலே போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கிவிடுங்கள். அலமாரிக்கு அடியில் காய்ந்து கிடக்கும் குட்டித் தவளையை ஒரு முறை கண்டெடுத்தால் பிறகு மூடியை மறக்க மாட்டீர்கள்.

இந்த நாட்களில் சாப்பாடு போடாதீர்கள். அது சாப்பிடாது, சாப்பிடவும் முடியாது. கொம்பு அலகும் நுண்பற்களும் உதிர்ந்து, சின்னஞ்சிறு வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்தது போல அகன்றுகொண்டிருக்கும், குடல் சுருங்கிக்கொண்டிருக்கும். அதற்கான உணவு வாலில் இருக்கிறது. வால் உதிர்ந்து விழுவதில்லை, உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. இனத்தையும் சூட்டையும் பொறுத்து நான்கைந்து நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை ஆகும். பட்டினி கிடக்கிறதே என்று தீவனத்தைப் போட்டால் ஆழமில்லாத அந்தக் கொஞ்சத் தண்ணீர் ஒரே இரவில் கெட்டுவிடும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்றுங்கள். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள், இந்த ஒரு வாரம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சில குட்டிகளுக்கு முன்னங்கால் குச்சி மாதிரி மெலிந்து, உடம்பைத் தாங்காமல் மடங்கிவிடும். வளர்ப்பில் இது அடிக்கடி வரும் கோளாறு, சத்துக் குறையும் கெட்ட தண்ணீரும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வந்த பிறகு சரிசெய்ய வழியில்லை. அடுத்த முறை நெரிசலையும் தீவனத்தையும் கவனிக்க வேண்டியதுதான்.

குட்டித் தவளை: வைத்திருப்பதா, விடுவதா

வால் ஒரு சிறு முளையாகக் குறைந்து, கரையில் நிமிர்ந்து உட்காரத் தொடங்கிவிட்டால் அது தவளை. அளவைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். அவ்வளவு பெரிய தலைப்பிரட்டையா இவ்வளவு சிறிய தவளையானது என்று தோன்றும், தேரைக் குட்டியாக இருந்தால் சுண்டுவிரல் நகத்தில் உட்கார்ந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், விட்டுவிடுங்கள். காரணம் இரக்கம் மட்டும் இல்லை, சாப்பாடு. தவளை அசைவதைத்தான் இரை என்று எடுத்துக்கொள்ளும், இலையும் தீவனமும் இனி செல்லாது. ஒரு சென்டிமீட்டர் குட்டியின் வாய்க்குள் போகிற அளவில், உயிரோடு, தினமும் பத்திருபது பூச்சி வேண்டும். இறக்கையில்லாத பழ ஈக்கள், செடியில் மொய்க்கும் அசுவினி, இலைமக்கில் இருக்கும் துள்ளும் நுண்பூச்சிகள், இவைதான் முதல் சில வாரத்து உணவு. இதைத் தொடர்ந்து கொடுப்பவர்கள் முதலில் பூச்சி வளர்க்கக் கற்றுக்கொண்டவர்கள். நீங்கள் அந்த வகை இல்லையென்றால் மூன்றாம் நாளே கை பிசைவீர்கள். ஒன்றிரண்டு நாள் வைத்து அது இரை பிடிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் அழுகிய பழத்தோல் ஒன்றைத் திறந்த டப்பாவில் வைத்து, ஈ மொய்த்ததும் மூடி, தவளை இருக்கும் டப்புக்குள் திறந்துவிடுங்கள். விழுங்கும்போது கண் இரண்டும் தலைக்குள் அமுங்குவதைக் கவனியுங்கள், இரையை உள்ளே தள்ளக் கண்ணையும் பயன்படுத்துகிறது.

விடுவது எங்கே? எடுத்த இடத்திலேயே, அதே குளத்தின் கரையில், தண்ணீரில் அல்ல, புல்லோ ஈர இலைகளோ அடர்ந்த இடத்தில். வெயில் தாழ்ந்த மாலையிலோ மழை பெய்த அன்றோ விட்டால் நல்லது. நம் வீட்டுப் பக்கம் குளம் இன்னும் அழகாக இருக்கிறதே என்று இடத்தை மாற்றாதீர்கள். தவளைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் கைட்ரிட் என்ற ஒரு பூஞ்சை உண்டு, 1990-களின் இறுதியில்தான் அதை அடையாளம் கண்டார்கள், அதற்குள் பல கண்டங்களில் பரவியிருந்தது. தலைப்பிரட்டையில் அது வாயிலுள்ள கொம்புப் பகுதியை மட்டும் பிடிக்கும், வெளியே நோய் தெரியாது, தவளையானதும் தோல் முழுக்கப் பரவும். ஆரோக்கியமாகத் தெரிவதால் நோயில்லை என்று ஆகாது. இரண்டு குளத்துத் தண்ணீரைக் கலக்காதீர்கள் என்று மேலே சொன்னதும் இதனால்தான். கடையில் வாங்கிய தலைப்பிரட்டையாக இருந்தால் எங்குமே விடக் கூடாது, அதை வாங்குவதென்றால் ஆயுசு முழுக்க வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்குங்கள், சில இனங்கள் பத்து வருடத்துக்கு மேல் வாழும்.

தொட்டியில் கை விடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் கை கழுவுங்கள், சோப்பு, எண்ணெய், களிம்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது. எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நீர்நில வாழ்விகள் சால்மோனெல்லாக் கிருமியைச் சுமந்திருக்கலாம். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டாவது கழுவல்தான் முக்கியம்.

எல்லாவற்றையும் விட்ட பிறகு தொட்டித் தண்ணீரை ஓடையிலோ குளத்திலோ கொட்டாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். டப், கற்கள், குழாய் எல்லாவற்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காயும் வரை வையுங்கள், அந்தப் பூஞ்சை காய்ந்தால் பிழைக்காது. கொசுப்புழு எடுக்க டீ வடிகட்டியைப் பயன்படுத்தியிருந்தால் அது இனி சமையலறைக்குத் திரும்ப வேண்டாம், டப்புக்குள்ளேயே போட்டு அடுத்த மழைக்காலத்துக்கு எடுத்து வையுங்கள்.